மூன்றாம் கியர் என்று மகள் சொன்னாள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஓட்டும் இன்பத்தை அதிகம் தருவது ஸ்போர்ட்ஸ் காரா, பின்கதவு மேலே திறக்கும் சிறிய காரின் வேகமான வகையான ஹேட்ச்பேக்கா என்ற கேள்விக்கு, ஹேட்ச்பேக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கர இயக்கத்தின் அழகைச் சுவையாக விவரித்தார். போகிற போக்கில், "வேகமான ஹேட்ச்பேக் என்பது குடும்பக் காருக்குப் பூசிய ஒப்பனை" என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை விட மாட்டேன், ஐயா.

1975-இல் பிராங்க்பர்ட் கார் கண்காட்சிக்கு வந்த ஃபோக்ஸ்வாகனின் வேகமான ஹேட்ச்பேக் கோல்ஃப் ஜிடிஐ, நிர்வாகம் கேட்காமலே ஒரு சிறு குழு கமுக்கமாகத் தொடங்கிய வேலை. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. 5,000 கார் விற்றால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். முதல் தலைமுறையே 4.5 லட்சத்தைத் தாண்டியது. ஒப்பனையைப் பார்த்தா அத்தனை பேர் வாங்கினார்கள்?

ஹேட்ச்பேக் போல முன்சக்கரம் இழுக்கும் கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளும் என்றும் அவர் சொன்னார். தள்ளும், மறுக்கவில்லை. வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்கிறது. உள்சக்கரம் பிடியிழந்து வீணாகச் சுழல்கிறது. 1997-இல் வந்த ஹோண்டாவின் ஹேட்ச்பேக் சிவிக் டைப் ஆர் இதற்கு விடை வைத்திருந்தது. முன் அச்சில் இருக்கும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) என்ற பல்சக்கர அமைப்பு, வீணாகும் விசையை வெளிச்சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மூக்கு வளைவுக்குள் வருகிறது! டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 8,200 சுற்றில் 185 குதிரைத்திறன். அந்தச் சுற்றை எட்டும்போது எழும் ஓசையை ஒருமுறை கேட்டவர் ஒப்பனை என்று சொல்ல மாட்டார்.

நான் இரண்டு வகையையும் வைத்திருந்தவன். என் ஸ்போர்ட்ஸ் கார் இரண்டாம் கியரிலேயே சாலையின் வேக வரம்பைத் தொட்டுவிடும். மீதித் திறனெல்லாம் பூட்டிய அறை. ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறுக்காக ஏற்றி இறக்குவேன். பல வாரங்கள் அது உறைக்குள் கிடந்து பேட்டரி இறங்கிப்போனது. நேசித்த கார்தான்; ஆனால் ஓட்டியதைவிடத் துடைத்ததே அதிகம்.

இப்போதைய ஹேட்ச்பேக்கில் பின்னிருக்கையை மடித்தால் நான்கு டயர், ஜாக்கி, ஹெல்மெட் எல்லாம் ஏறிவிடும். ரேஸ் டிராக்கிற்கு அதையே ஓட்டிப்போய், டயர் மாற்றி, மாலை வரை சுற்றுவேன். பிரேக் பேட் காய்ந்த வாடை அடங்குமுன் பழைய டயரைப் பூட்டி வீடு திரும்புவேன். மறுநாள் அதே காரில் பள்ளிக்கூடம்.

மஸ்டாவின் எம்எக்ஸ்-5 போன்ற எளிய, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரை எதிரணி நினைவூட்டலாம். அதன் முழுத்திறனையும் சாலையிலேயே சுவைக்கலாம் என்பது உண்மை. அந்தக் காரை நான் வணங்குகிறேன். ஆனால் அதில் இருக்கை இரண்டே. என் எட்டு வயது மகள் பின்னால் அமர்ந்து, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு, "அப்பா, இப்போது மூன்றாம் கியர்" என்கிறாள். தவறியதே இல்லை. என் பக்கத்தில் அவள் அம்மாவும் அமர்ந்திருக்கும்போது, அந்த இரண்டு இருக்கையில் மகளை எங்கே உட்காரவைப்பது? எதிரணி அடுத்துப் பேசும்போது அதைச் சொல்லட்டும், நடுவர் அவர்களே.