மாப்பிள்ளை ஒருவர், பெண் மூவர்

வணக்கம். பின்னாளில் பிரான்சின் அரசியான மரி அன்துவானெத்தை 14 வயதில் பிரான்சுக்கு ஏன் கட்டிக்கொடுத்தார்கள் என்று போன வீடியோவில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதைவிடக் கொடுமை அவருடைய அக்காக்களின் கதை.

அம்மா மரியா தெரசா, ஆஸ்திரியாவை ஆண்டவர். 16 பிள்ளைகள், அதில் 11 பெண்கள். வடக்கே இருந்த பிரஷ்யா நாட்டிடம் சைலீசியா மாகாணத்தைப் பறிகொடுத்த அவருக்கு, பழைய பகையாளிகளான, பிரான்சையும் ஸ்பெயினையும் ஆண்ட பூர்போன் அரச குடும்பத்தின் உறவு தேவைப்பட்டது. அந்தக் குடும்பத்தில், தெற்கு இத்தாலியில் இருந்த நேப்பிள்ஸின் அரசர் பெர்டினாண்டுக்குப் பெண் தருவதாகப் பேச்சு.

முதலில் நிச்சயித்தது யோஹன்னாவை. 1762இல் பெரியம்மையில் இறந்துபோனாள், வயது 12. சரி, அடுத்தவள் யோசெஃபா. 1767 அக்டோபர் 15, நேப்பிள்ஸுக்குப் புறப்பட வேண்டிய நாள். அன்றைக்கே அவளும் பெரியம்மையில் போய்விட்டாள். பெரியம்மையில் இறந்த அண்ணியின் கல்லறைக்கு அம்மா அவளைக் கூட்டிப்போனதால்தான் தொற்றியது என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. போய்வந்த ஓரிரு நாளில் கொப்புளம் வந்திருக்கிறது. பெரியம்மை வெளியே தெரிய ஒரு வாரமாவது பிடிக்கும்.

இரண்டு பெண்கள் செத்தும் சம்பந்தத்தை விடவில்லை. அமாலியாவைக் கொடுக்கலாமா? மாப்பிள்ளையைவிட ஐந்து வயது மூத்தவள், அவருடைய அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் கரோலினா. 1768 ஏப்ரலில் வியன்னாவில் கல்யாணம். மாப்பிள்ளை வரவே இல்லை. அவர் இடத்தில் நின்றது யார் தெரியுமா? பெண்ணின் சொந்தத் தம்பி! கரோலினாவுக்கு அப்போது வயது 15.

அமாலியாவும் தப்பவில்லை. மனதுக்குப் பிடித்தவனை விட்டுவிட்டு, மறு வருடம் இத்தாலியில் இருந்த பார்மா என்ற சிறு நாட்டின் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். இத்தனைக்கும் இன்னொரு மகள் கிறிஸ்டினா விரும்பியவரையே மணந்திருந்தாள். அம்மாவின் செல்லப் பெண். மற்றவர்களுக்கு எப்படி எரிந்திருக்கும்!

ஆனால் கரோலினாவின் கல்யாண ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது: ஆண் வாரிசு பிறந்தால் அரசவை ஆலோசனையில் அவளுக்கும் இடம். 1775இல் மகன் பிறந்தான். கொஞ்ச காலத்தில் நேப்பிள்ஸில் ஆட்சி நடத்தியதே கரோலினாதான். கணவருக்கு வேட்டையாடினால் போதும்.

அப்புறம் அவளே அம்மாவின் வேலையை எடுத்துக்கொண்டாள். 1790இல் தன் மகள்கள் இருவரை தன் பிறந்த வீடான ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கே, தன் அண்ணன் மகன்களுக்குக் கட்டிவைத்தாள். அதில் மூத்தவளின் மகள்தான் மரி லூயீஸ். கரோலினா ஜென்ம விரோதியாக வெறுத்தது ஒரே ஆளை, தன்னை நேப்பிள்ஸிலிருந்து துரத்திய நெப்போலியனை. 1810இல் வியன்னாக்காரர்கள் அந்தப் பேத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தது அவனுக்குத்தான்.