பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் எடுப்பது பாடியைத்தான்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேஜையில் பெயின்ட் இல்லை, பசை இல்லை. இரண்டே இரண்டு பாடிதான் இருக்கிறது, அதாவது நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் கார் கிட்டின் வெளிக்கூடு. இரண்டுமே ஃபோக்ஸ்வேகன் பீட்டில், இரண்டுமே 1/24 அளவு, அதாவது நிஜக் காரில் 24இல் ஒரு பங்கு, இரண்டு பெட்டியிலும் 1966 மாடல் என்றுதான் போட்டிருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் ஒன்று, சாம்பல் நிறம் ஒன்று. அடுத்த இரண்டு மாதம் இதில் எதோடு உட்காரப் போகிறேன் என்று இப்போது முடிவு செய்ய வேண்டும். எப்படி முடிவு செய்கிறேன் என்பதை நீங்களும் பார்க்கட்டும் என்று கேமராவை வைத்துவிட்டேன்.

கிட் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை பார்ட் இருக்கு?" நானும் ரொம்ப நாள் அதைத்தான் கேட்டேன். சில வருடம் முன்னால் ஒரு கிட் வாங்கினேன், 200 பார்ட்டுக்கு மேல். எஞ்சின் மட்டுமே அவ்வளவு அழகு. ஃபேன் பெல்ட், ஹோஸ், பேட்டரி என்று எல்லாம் தனித்தனியாக. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கட்டி, கடைசியில் எஞ்சினை உள்ளே இறக்கி பானட்டை மூடினால், மூடவில்லை. ஏர் ஃபில்டர் இடிக்கிறது. 2 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. 2 மி.மீ. தானே என்று நினைக்காதீர்கள், 24 ஆல் பெருக்குங்கள். நிஜக் காரில் அது 48 மி.மீ. ஒரு புதுக் கார் அப்படிப் பானட்டைத் திறந்துகொண்டு நின்றால் எப்படி இருக்கும்? எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம். அந்தக் கார் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, பானட்டைத் தனியாகக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு மாத உழைப்பை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

அதற்கப்புறம் பார்ட்டை எண்ணுவதை விட்டுவிட்டேன். பாடியைத்தான் முதலில் எடுப்பேன். உள்ளே எவ்வளவு நுணுக்கம் இருந்தாலும், பாடியின் உருவம் தப்பென்றால் அது அந்தக் கார் இல்லை.

சரி, கேமராவைக் கீழே இறக்குகிறேன். இன்னும் கீழே. மேஜையோடு மேஜையாக. ஏன் இவ்வளவு கீழே? ஒருவர் நிற்கும்போது அவர் கண் தரையிலிருந்து சுமார் 160 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதை 24 ஆல் வகுத்தால் 7 செ.மீ.கூட இல்லை. நாமோ நாற்காலியில் உட்கார்ந்து மேஜைக்கு அரை மீட்டர் மேலிருந்து மாடலைப் பார்க்கிறோம். அது நிஜத்தில் 12 மீட்டர் உயரம், நாலாவது மாடி பால்கனியிலிருந்து தெருவில் நிற்கிற காரைப் பார்ப்பது மாதிரி. அங்கிருந்து பார்த்தால் எல்லாக் காரும் நல்ல கார்தான். கன்னத்தை மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். குறை தெரிய ஆரம்பிக்கும். போனில் படம் எடுத்து நிஜக் கார் போட்டோவோடு ஒப்பிடுவதென்றால், பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். மூக்கு பெரிதாக, வால் சின்னதாகத் தெரியும். இரண்டடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

பீட்டிலுக்கு உயிர் அந்தக் கூரை வளைவுதான். முன் கண்ணாடிக்கு மேலே ஆரம்பித்து, பின் கண்ணாடியைத் தாண்டி, எஞ்சின் மூடி வழியாகப் பின் பம்பர் வரைக்கும் ஒரே இழுப்பு. எங்கேயும் தட்டக் கூடாது. இந்தச் சாம்பல் பாடியைப் பாருங்கள். பின் கண்ணாடிக்கு மேலே, இதோ என் நகம் இருக்கும் இடத்தில், வளைவு ஒரு நொடி நின்று தட்டையாகி, அப்புறம் இறங்குகிறது. வெள்ளையில் அந்த நிறுத்தம் இல்லை. பட்டி வைத்துச் சரிசெய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் கூரையைத் தொட்டால் கண்ணாடி ஓரம், மழைநீர்க் காடி எல்லாவற்றையும் தொட வேண்டி வரும்.

இப்போது வெர்னியர், நுணுக்கமாக அளக்கும் கருவி. நிஜ பீட்டிலின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை, 2400 மி.மீ. இதை 24 ஆல் வகுத்தால் நேராக 100 மி.மீ. இவ்வளவு வசதியான எண் வேறு எந்தக் காரிலும் எனக்கு அமைந்ததில்லை. வெள்ளை: 99.8. அருமை. சாம்பல்: 98.4. நிஜத்தில் கிட்டத்தட்ட 4 செ.மீ. குறைவு. உங்கள் கிட்டில் 96 வந்தால் பயப்படாதீர்கள், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 1/25 என்று இருக்கும். அமெரிக்கக் கார் கிட்டுகளில் நிறைய அந்த அளவுதான். அங்கே கார் டீலர்களுக்காகச் செய்த விளம்பர மாடல்கள் அந்த அளவில் இருந்தன. ஏஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனி 1958இல் த்ரீ-இன்-ஒன் கிட்டுகளை, அதாவது ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடியவற்றை, கொண்டுவந்தபோது அதே அளவு தொடர்ந்தது. ஜப்பான் கம்பெனிகள் பெரும்பாலும் 1/24. ஒரே அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கண்ணுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பீட்டிலின் நாலு மட்கார்டும் பாடியோடு போல்ட் போட்டு மாட்டியவை. பாடிக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பீடிங் என்று மெல்லிய விளிம்புப் பட்டை ஒன்று ஓடும். அதை இந்த அளவில் செய்தால் மயிரிழைதான். லூப்பை, அதாவது பூதக்கண்ணாடியை, கேமராவுக்கு முன்னால் பிடிக்கிறேன். வெள்ளைப் பாடியில் அந்த பீடிங் உருண்டையாக மேலே தெரிகிறது, அதன் இரண்டு பக்கமும் சின்னக் காடி. கீழே ஃபுட்போர்டு வரைக்கும் அறுபடாமல் வருகிறது. சாம்பலில் வெறும் ஒரு பள்ளக் கோடு, அவ்வளவுதான். ப்ரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு கோட், கலர் மூன்று கோட், மேலே க்ளியர் என்று போனால் அந்தக் கோடு மூழ்கிவிடும். கதவுக் கோட்டுக்கும் இதே கதைதான். நிஜக் காரில் 4 மி.மீ. இடைவெளி என்றால் நமக்கு 0.17 மி.மீ. அவ்வளவு ஒல்லியாக எந்தக் கிட்டிலும் எதிர்பார்க்காதீர்கள். அகலம் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, ஆழம் வேண்டும். ஆழம் இல்லையென்றால் ப்ரைமருக்கு முன்னாலேயே ஸ்க்ரைபரால், அதாவது கோடு கீறும் கூர்முனைக் கருவியால், இழுத்துவிடுங்கள்.

நுணுக்கம் என்றால் வருடமும் சேர்த்துத்தான். பீட்டில் பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் ஒன்று இல்லை. பின் கண்ணாடி 1953 வரைக்கும் இரண்டாகப் பிளந்திருந்தது, அப்புறம் முட்டை வடிவம், 1958 மாடலிலிருந்து பெரிய செவ்வகம். 1966 மாடலில்தான் 1300 எஞ்சின் வந்தது. அந்த வருடம்தான் ரிம்மில் நீள்துளைகளும் தட்டையான ஹப் கேப்பும் (சக்கர நடுவில் மாட்டும் மூடி) வந்தன. ஹெட்லைட் அப்போது இன்னும் சாய்ந்துதான் இருந்தது, நிமிர்ந்தது அதற்குப் பிறகுதான். இதை வைத்துக்கொண்டு சாம்பல் கிட்டின் ரிம்மைப் பாருங்கள். துளையே இல்லை. ஹப் கேப்பும் பழைய உப்பல் மாதிரி. பெட்டியில் 1966, உள்ளே அதற்கு முந்தைய கார். இதைக் குட்டிக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி விட மனசு வராது. வருடத்தைப் போட்டு விற்கிறார்கள் என்றால் அந்த வருடத்துக் காரைத் தர வேண்டும்.

பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சில் வரும் குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை உப்புத்தாளில் போய்விடும். ஓரத்தில் தோல் மாதிரி நிற்பது பிசிறு, அச்சு தேய்ந்ததன் அடையாளம். வட்ட வட்டமாக இருப்பது, பார்ட்டை அச்சிலிருந்து தள்ளிய பின்னின் தடம். பின்பக்கம் பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும் இடத்தில், ஆறும்போது சுருங்கி முன்பக்கம் குழி விழும். இது கண்ணுக்குத் தெரியாது, ப்ரைமருக்குப் பிறகு டியூப்லைட்டின் பிரதிபலிப்பு நெளியும், அப்போதுதான் தெரியும். அச்சின் துண்டுகள் சேரும் கோடு, பெரும்பாலும் மட்கார்டின் முகட்டிலேயே ஓடும். அதை அவசரமாகத் தேய்த்தால் முகடே தட்டையாகிவிடும்.

பழைய அச்சைப் புதுப் பெட்டியில் போட்டு விற்பதும் உண்டு. சேஸிஸின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பல கிட்டுகளில் வருடம் பொறித்திருக்கும். பழையதென்றால் மோசம் என்று அர்த்தமில்லை, காரணம் தெரிந்து வாங்குங்கள். 60களின் அமெரிக்க கிட்டுகள் பலவற்றில் எஞ்சின் பிளாக்கின் நடுவிலேயே ஒரு ஓட்டை இருக்கும், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி அதற்குள் போகும். ஜப்பானின் பழைய கிட்டுகளில் சீட் ஆழமே இல்லாமல் இருக்கும். கீழே மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் விட்டார்கள், குழந்தைகள் ஓட்டி விளையாட. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் தமியா என்ற ஜப்பான் கம்பெனி. 911இன் ரேஸ் வடிவமான போர்ஷே 934ஐ 1976இல் 1/12 அளவில் செய்வதற்காக நிஜ போர்ஷே 911 ஒன்றையே வாங்கி, பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். அளவெடுப்பதில் அந்த அளவுக்கு அக்கறை காட்டிய ஒரு கம்பெனி. இந்தச் செய்தியை முதலில் படித்த அன்றைக்கு எனக்குச் சிலிர்த்துவிட்டது.

கண்ணாடிப் பார்ட். ஜன்னல் 1 மி.மீ. தடிமன் என்றால் நிஜத்தில் 24 மி.மீ., ஏதோ மீன்தொட்டிக் கண்ணாடி மாதிரி. ஓரத்தில் வெளிச்சம் வளைகிறதா என்று செய்தித்தாள் எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள், எழுத்து நெளியக் கூடாது. ஹெட்லைட்டில் இன்னொன்று. லென்ஸைப் பிடிக்க ரிஃப்ளெக்டரின் நடுவில் ஒரு குச்சி வைத்திருப்பார்கள். மாட்டியபின் அது கண்மணி மாதிரி நம்மைப் பார்க்கும். வெட்டிவிட்டு, லென்ஸை ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். குரோம் பார்ட் மழுங்கலாக இருந்தால் கவலை வேண்டாம், வீட்டு ப்ளீச்சில் ஊறவைத்தால் குரோம் கழன்றுவிடும், மறுபடி அடித்துக்கொள்ளலாம். டீகால், அதாவது கிட்டோடு வரும் ஒட்டுப்படம், மஞ்சளாகியிருந்தால் ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி வெயிலில் சில நாள் விடுங்கள், வெளுக்கும்.

கடைசியாக, பசைக்கு முன்னால் டேப். பாடி, சேஸிஸ், சீட் தட்டு, சக்கரம், எல்லாவற்றையும் டேப்பில் மட்டும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் இருந்தால் அதையும் உள்ளே வைத்து மூடியை மூடிப் பாருங்கள். என் பானட் கதை உங்களுக்கு வர வேண்டாம். வெள்ளையைச் சேர்த்துவிட்டேன். நாலு சக்கரமும் மேஜையில் படுகிறது, கீழே ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்க்கிறேன், போகவில்லை. எஞ்சின் மூடி நகம் போகாத அளவுக்கு உட்காருகிறது. பார்ட் எண்ணிக்கையில் சாம்பல்தான் அதிகம், 40 பார்ட் கூடுதல். ஆனாலும் வெள்ளையைத்தான் கட்டப் போகிறேன். சாம்பலின் ஸ்டீயரிங்கும் வைப்பரும் மட்டும் வெள்ளையைவிட ஒல்லியாக, நன்றாக வந்திருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கு மழை இல்லையென்றால் ப்ரைமர் அடித்துவிடுவேன். ஈரக் காற்றில் லாக்கர் பெயின்ட் அடித்தால் வெளிறிப்போகும், அதனால் வானத்தைப் பார்த்துத்தான். பீடிங் ப்ரைமருக்குப் பிறகும் நிற்கிறதா என்று அடுத்த வீடியோவில் இதே லூப்பை வைத்துக் காட்டுகிறேன்.