தருமசாலைப் பந்தியும் ஒரு முதலமைச்சரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓமந்தூரார் என்றதும் சென்னையில் இன்று பலருக்கு ஞாபகம் வருவது அரசு ஆஸ்பத்திரிதான். அந்தப் பேருக்கு உரியவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து விவசாயி. 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அன்றைக்கு அந்தப் பதவிக்குப் பிரதமர் என்றே பேர். அவருடைய நேர்மையைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவருடைய பக்தியைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன்.

திருவண்ணாமலை ரமணரிடம் உருகியவர் அவர். வள்ளலாரின் சன்மார்க்கத்தில் ஊறியவர். அந்தச் சன்மார்க்கம் என்னவென்று புரிய வேண்டுமானால் வடலூர் தருமசாலைக்குப் போக வேண்டும். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையவில்லை. சில மாதங்களுக்கு முன் அந்தப் பந்தியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அழுக்கு வேட்டியோடு ஒரு பெரியவர், இன்னொரு பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண். சாம்பார் சாதத்தின் ஆவி முகத்தில் அடித்தது. யாரும் யாரையும் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. கரண்டி வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

இந்த வழியை நம்பிய ஒருவருக்கு, சாதியைச் சொல்லிக் கோயில் வாசலில் ஒரு மனிதனை மறித்து நிறுத்துவது எப்படிப் பொறுக்கும்? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939லேயே ஆலயப் பிரவேசம் நடந்துவிட்டது, சரி. மற்ற கோயில்கள்? 1947இல் அவருடைய அரசு கொண்டுவந்த ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுக்கக் கதவைத் திறந்தது. அதே வருஷம்தான் பெண் பிள்ளைகளுக்குப் பொட்டுக் கட்டி, தேவதாசிகளாகக் கோயிலுக்கு விடுவதும் சட்டப்படி குற்றமானது. முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடிய விஷயம் அது. அப்புறம், கோயில் சொத்தும் வருமானமும் ஒழுங்கான கணக்குக்குள் வர வேண்டும் என்ற முயற்சி. அது 1951இல் அறநிலையச் சட்டமாக முடிந்தது. அதற்குள் அவர் பதவியில் இல்லை.

அவரைப் பிடிக்காதவர்கள் ‘தாடி இல்லாத ராமசாமி நாயக்கர்’ என்று சொன்னார்கள். பெரியாரோடு சேர்த்து வைத்த பேர். ரமணரின் காலடியில் உட்கார்ந்தவருக்கு இப்படி ஒரு பேர்! எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சாமியை மனசார நம்பியதால்தான், சாமி பேரைச் சொல்லி நடந்த அநியாயத்தை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பக்தி இல்லாத ஒருவர் அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்திருந்தால் ‘உனக்கென்ன தெரியும் எங்கள் கோயிலைப் பற்றி’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியிருப்பார்கள். இவரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

பதவியை விட்டதும் வடலூருக்கே போய்விட்டார். ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றினார், பள்ளிக்கூடம் நடத்தினார். 1970இல் கண்மூடும் வரை, அந்த அடுப்பு எரிகிற ஊர்தான் அவருக்கு ஊர்.

நன்றி, வணக்கம்.