பைண்டிங் மேசை சும்மா இருந்த 8 மணி நேரம்

வணக்கம் நண்பர்களே. எந்தக் கணக்கையும் மென்பொருளில் இடுவதற்கு முன் இந்த வெள்ளைப் பலகையில் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பவன் நான் என்பது பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சென்ற சனிக்கிழமை, சிவகாசியில் என் சித்தப்பாவின் அச்சகத்தில், அதே பலகைக் கணக்கு 7 மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. அந்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை என்பதால், இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த, மிகக் குறைந்த தூர வழியைத் தேடும் குறும்பாதைக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேசுகிறேன்.

சித்தப்பாவிடம் ஓர் ஆப்செட் அச்சு இயந்திரமும் ஒரு பைண்டிங் மேசையும் இருக்கின்றன. எந்த வேலையும் அச்சான பிறகே மேசைக்கு வரும். அன்று கையில் 5 வேலைகள் இருந்தன, அவை வந்த வரிசையிலேயே சொல்கிறேன். நோட்டீசுக்கு அச்சு 3 மணி நேரம், வெட்டிக் கட்ட 1 மணி நேரம். காலண்டருக்கு அச்சு 6, மேசையில் 4. பள்ளி ஆண்டு மலருக்கு 4, 6. பில் புத்தகத்துக்கு அச்சு 2, எண் போட்டுத் துளையிட்டுத் தைக்க 5. கல்யாணப் பத்திரிகைக்கு அச்சு 1, மடித்து உறையிலிட 3. ஐந்தும் ஒரே வண்டியில் ஏறவேண்டியவை, ஆகவே கடைசி வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்பது ஒன்றுதான் கேள்வி.

வந்த வரிசையிலேயே அச்சடித்தால் எல்லாம் முடிய 27 மணி நேரம் ஆகிறது. எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைப் பட்டைகளாகக் காட்டும் பட்டைப் படம் வரைந்து பார்த்தபோது காரணம் கண்ணில் பட்டது: நோட்டீஸ் அச்சாகும்வரை 3 மணி நேரம், அதை வெட்டி முடித்துவிட்டுக் காலண்டருக்காக 5 மணி நேரம், ஆக 8 மணி நேரம் மேசையில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கான விதியை ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் இருந்த கணித அறிஞர் செல்மர் ஜான்சன் 1954-இல் வெளியிட்டார். அச்சு நேரம், பைண்டிங் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மிகச் சிறியதைத் தேடுங்கள். அது அச்சு நேரமாக இருந்தால் அந்த வேலையை வரிசையின் முன்பக்கத்திலும், பைண்டிங் நேரமாக இருந்தால் பின்பக்கத்திலும் வையுங்கள். அதை அடித்துவிட்டு, மிச்சம் உள்ளவற்றில் இதையே திரும்பச் செய்யுங்கள். நம் கணக்கில் பத்திரிகை முதலிலும் நோட்டீஸ் கடைசியிலும் போய் உட்கார, நடுவில் பில் புத்தகம், மலர், காலண்டர் என்று வரிசை அமைகிறது. இப்படிச் செய்தால் 20 மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதைவிடக் குறைக்க முடியாதா என்று யாரும் கேட்கலாம். மேசையின் வேலை மட்டுமே மொத்தம் 19 மணி நேரம். முதல் வேலை அச்சாகி வரக் குறைந்தது 1 மணி நேரம் ஆகும். ஆகவே இருக்கின்ற 120 வரிசைகளில் எதை எடுத்தாலும் 20-க்குக் கீழே போக வழியே இல்லை. விடையோடு சேர்ந்து இப்படி ஒரு நிரூபணமும் கைக்குக் கிடைக்கும்போது வரும் நிறைவுக்காகத்தான் நான் செயல்பாட்டு ஆய்வு என்ற இந்தத் துறையையே நேசிக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பலகையைப் பார்த்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "மை காயாம எப்படிடா மடிக்கிறது?" என்பதுதான். அச்சுக்கும் மேசைக்கும் நடுவில் ஒவ்வொரு வேலைக்கும் 2 மணி நேரம் விட வேண்டுமாம். அரை மணி நேரம் பலகை முன்னாலேயே நின்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். எல்லா நேரங்களோடும் அதே 2-ஐக் கூட்டினால் எது சிறியது, எது பெரியது என்ற ஒழுங்கு மாறாது, அதனால் வரிசையும் மாறாது. பழைய வரிசை 29 ஆகிறது, புதியது 22 ஆகிறது, மிச்சம் அதே 7. தாளுக்குத் தாள் காயும் நேரம் வேறுபட்டிருந்தால் வரிசையை மீண்டும் பார்க்க வேண்டியிருந்திருக்கும். இனிமேல் காய்வதைச் சேர்க்காமலேயே எண்களைச் சொல்கிறேன்.

என்னை எரிச்சலூட்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. இருமடங்கு வேகத்தில் அச்சடிக்கும் புதிய இயந்திரம் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கச் சித்தப்பா நாள் பார்த்து வைத்திருந்தார். பல லட்ச ரூபாய்ப் பேச்சு. அதை விற்க வந்தவர் ஒரு மணிக்கு எத்தனை தாள் ஓடும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எல்லா அச்சு நேரத்தையும் பாதியாக்கிக் கணக்கிட்டேன். 20 மணி நேரம் 19½ ஆகிறது. இந்த 5 வேலைகளுக்கு அந்த இயந்திரம் தருவது அரை மணி நேரம்தான்.

ஒரு வளத்தை இன்னும் ஓர் அலகு கூட்டினால் மொத்தத்தில் எவ்வளவு பயன் என்பதைத்தான் நாம் நிழல் விலை என்கிறோம். 1939-இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கைப் போட்ட சோவியத் கணித அறிஞர் லியோனிட் கன்டரோவிச், விடையோடு சேர்த்து இத்தகைய மதிப்புகளையும் கண்டெடுத்தார். 1975-இல் பொருளாதார அறிஞர் கூப்மன்சோடு சேர்ந்து பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். கடைவீதியில் எந்தப் பொருளிலும் ஒட்டியிராத விலை இது. ஆனால் இயந்திரம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய விலை இதுதான் என்பேன்.

அதையே மேசைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஆண்டு மலருக்குத் துணைக்கு ஓர் ஆளைப் போட்டு, அதன் 6 மணி நேரத்தை 4 ஆக்கினால், 20 அப்படியே 18 ஆகிறது, குறைத்த ஒவ்வொரு மணி நேரமும் முழுதாகக் கிடைக்கிறது. இன்னும் 1 மணி நேரம் குறைத்து 3 ஆக்கினால், அதே வரிசையில் பயன் இல்லை, ஏனென்றால் மேசை காலண்டருக்காகக் காத்திருக்கும். அங்கே நிறுத்திவிடாமல் விதியை மீண்டும் போட்டேன். மலரும் காலண்டரும் இடம் மாறிக்கொள்ள, 17 வந்தது! அச்சு மட்டுமே 16 மணி நேரம், அதற்குப் பிறகு நோட்டீசை வெட்ட 1 மணி நேரம். ஆகவே இனி நோட்டீஸ் தவிர மற்ற வேலைகளுக்கு மேசையில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் இந்த 17 அசையாது, அதற்கும் கீழே போக நினைக்கும்போதுதான் அச்சின் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த விதி இரண்டு நிலைகளுக்கு மட்டும்தான் இவ்வளவு எளிதாக வேலை செய்யும். நடுவில் லேமினேஷன் என்று மூன்றாவது நிலை வந்துவிட்டால், சில தனி அமைப்புகளைத் தவிர, இப்படி ஒரு சுருக்க வழி இதுவரை தெரியவில்லை. அது பொதுவாக மிகக் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது என்று கணினி அறிவியலாளர்களான கேரி, டேவிட் ஜான்சன், ரவி சேத்தி மூவரும் 1976-இல் காட்டினார்கள். இந்த ஜான்சன் வேறு, முன்னே சொன்னவர் வேறு. முன்னவர் அதே 1954-இல் கணித அறிஞர்கள் டான்ட்சிக், ஃபுல்கர்சன் ஆகியோரோடு சேர்ந்து 49 அமெரிக்க நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியையும் கண்டுபிடித்தவர்.

சித்தப்பா முன்பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார். தைக்கத் தெரிந்த பையன் ஒருவன் திங்கட்கிழமையிலிருந்து வருகிறான். பட்டைப் படத்தை நான் அழிக்கப் போனபோது, கட்டிங் மெஷினுக்கு மேலே ஒட்ட வேண்டும் என்று சொல்லி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.