ரெடிஸை கம்பைல் செய்யும்போது நினைவக ஒதுக்கியைக் கவனியுங்கள்

[திரையில்: சாலையோரத்தில் நிற்கும் வண்டிகளின் மேலிருந்து எடுத்த காட்சி]

வணக்கம். சென்னை பாண்டி பஜாரில் இரு சக்கர வண்டிகள் ஆளுக்கொரு பக்கமாக நிற்கும் இடத்தைப் பாருங்கள். நடுவே உள்ள காலி இடங்களைக் கூட்டினால் சில கார்களுக்குப் போதும்; ஆனால் ஒரு கார்கூட உள்ளே நுழையாது. பல நாள் ஓடும் சர்வரின் நினைவகமும் இப்படித்தான் துண்டாகிப்போகிறது. இதைக் கட்டுக்குள் வைப்பது, நிரல் கேட்கும்போதெல்லாம் நினைவகத்தைப் பிரித்துத் தரும் நினைவக ஒதுக்கியின் வேலை. அந்த ஒதுக்கி எதுவென்பது, மூலநிரலை கம்பைல் செய்யும்போதே, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றும்போதே, முடிவாகிவிடுகிறது.

[திரையில்: 100 பைட், 112 பைட்]

ரெடிஸ் என்பது தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் தரவுத்தளம். லினக்ஸில் அதை வெறும் 'மேக்' என்ற கட்டளையால் கம்பைல் செய்தால், 2.4 பதிப்பிலிருந்து உடன் வரும் ஜெமாலக் சேர்ந்துகொள்ளும். ஜேசன் எவன்ஸ் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்கமுறைக்காக எழுதிய ஒதுக்கி இது. நாம் 100 பைட் கேட்டால், அது முன்பே வகுத்துவைத்த அளவுகளில் பொருந்தும் 112 பைட் இடத்தைத் தரும். 12 பைட் வீண்தான். ஆனாலும் அந்த இடம் காலியானதும் அதே அளவு கேட்டு வரும் அடுத்த தரவு அதில் அப்படியே உட்கார்ந்துவிடும் என்பதால், இந்தச் சிறு இழப்பை நான் மனதார ஏற்பேன்.

'மாலக்=லிப்சி' என்று சேர்த்துக் கொடுத்தால் லினக்ஸின் வழக்கமான ஒதுக்கி வரும். இங்கேதான் நாங்கள் தரமணி அலுவலகத்தில் ஒருமுறை ஏமாந்தோம். ஒரு சோதனைக்காக லிப்சியுடன் கம்பைல் செய்துவிட்டு, மறுநாள் வெறும் 'மேக்' கொடுத்து, ஜெமாலக் திரும்பிவிட்டதாக நம்பினோம். ரெடிஸ் முந்தைய விருப்பத்தேர்வுகளைக் கோப்பில் சேமித்துவைத்து அடுத்த முறையும் அவற்றையே எடுத்துக்கொள்ளும். 'மேக் டிஸ்ட்கிளீன்' கொடுக்கும்வரை அவை அழிவதில்லை. ஓடும்போதே துண்டுகளைச் சேர்க்கும் 'ஆக்டிவ்டிஃப்ராக்' வசதியை இயக்கப் போனபோது சர்வர் மறுத்த பிறகே எங்களுக்கு உறைத்தது. ஏனெனில் அந்த வசதிக்கு, ரெடிஸுக்கென்று மாற்றியமைத்த ஜெமாலக் கட்டாயம் வேண்டும்.

[திரையில்: 'இன்ஃபோ மெமரி' கட்டளையின் விடை]

ஆகவே கம்பைல் செய்து கிடைத்த புதிய பைனரியை சர்வரில் ஏற்றுமுன் 'இன்ஃபோ மெமரி' கட்டளையைக் கொடுத்து, 'மெம் அலோக்கேட்டர்' வரியில் ஜெமாலக் இருக்கிறதா என்று பாருங்கள். தரவு ஏறி, சில நாள் ஓடிய பிறகு துண்டாதல் விகிதத்தையும் பாருங்கள்: அது 2 என்றால், ரெடிஸின் கணக்கில் 4 ஜிபியாக இருக்கும் தரவு இயக்கமுறையிடமிருந்து 8 ஜிபி பிடித்துவைத்திருக்கிறது.