நைல் பாலத்தில் அக்காவும் தம்பியும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரு படத்தின் முடிவைப் பற்றிப் பேசப்போகிறேன். கதை முழுவதையும் உடைத்துவிடுவேன், முதலிலேயே சொல்லிவிட்டேன். 1960இல் வந்த எகிப்தியப் படம், பெயர் ‘பிதாயா வ நிஹாயா’. தொடக்கமும் முடிவும் என்று அர்த்தம்.

பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய நகிப் மஃபூஸ் 1949இல் எழுதிய நாவல்தான் மூலம். இயக்கியவர் சலா அபு சைஃப்.

கெய்ரோவில் ஷுப்ரா பகுதி, 1930கள். அரசாங்க குமாஸ்தா ஒருவர் திடீரென்று இறந்துபோகிறார். பென்ஷன் கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. மூத்தவன் ஹசன் அடாவடிக்காரன். நடுவன் ஹுசைன், தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறான். கடைக்குட்டி ஹசனைனுக்கு ராணுவ அதிகாரி ஆக வேண்டும். நம்மில் பலர் ‘டாக்டர் ஷிவாகோ’வில் பார்த்த அதே ஓமர் ஷெரீஃப்தான் ஹசனைன்.

அக்கா நஃபீசா வீட்டுச் செலவுக்காகத் துணி தைக்கிறாள். மளிகைக் கடைக்காரர் மகன் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி அவளை ஏமாற்றிவிட்டு, வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். கொடுமை என்னவென்றால், அந்தக் கல்யாணப்பெண்ணுக்குத் துணி தைக்க இவளையே கூப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவள் கொண்டுவரும் காசு தையல் காசு மட்டுமில்லை. வீட்டில் யாரும் கேட்பதில்லை. சனா ஜமீல் என்ற நடிகை அந்த மௌனத்தைத் தோளிலேயே சுமந்துகொண்டு நடக்கிறார்.

சரி, முடிவுக்கு வருவோம். புது யூனிஃபார்ம் போட்ட தம்பியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். விபச்சார ரெய்டில் பிடிபட்டவள் அக்கா. அதிகாரியின் வீட்டுப் பெண் என்பதால் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். இருவரும் இருட்டில் நடக்கிறார்கள். அவளைக் கொல்ல நினைக்கிறான் தம்பி. அவனே கொன்றால் அவன் மேல் வழக்கு வரும், வேலை போகும். அதனால் நானே செய்துகொள்கிறேன் என்கிறாள் அவள். கடைசி வரைக்கும் தம்பிக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது! பாலத்தின் மேலிருந்து நைலில் விழுகிறாள்.

அவனும் விழுகிறான். நாவல் அவன் குதிக்கப்போகும் நொடியிலேயே நின்றுவிடும். படம் குதிக்க வைத்துவிடுகிறது. மானம் போனதால் குதித்தான் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மானம் மட்டும்தான் என்றால் அக்கா போனதோடு அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அவன் போட்டிருந்த யூனிஃபார்முக்குக் காசு எங்கிருந்தெல்லாம் வந்தது? ரவுடி அண்ணன் கொடுத்தது, நடு அண்ணன் விட்டுக்கொடுத்தது, அக்காவின் காசு. அவள் தண்ணீரில் மறைந்த பிறகு அந்தக் கணக்கைப் பார்க்க அங்கே அவன் ஒருவன்தான் மிச்சம்.

வீட்டில் அம்மா இருக்கிறாள். ஆமினா ரிஸ்க் நடித்த அம்மா. இவ்வளவு நேரம் அந்தக் குடும்பத்தைக் கட்டிக் காத்தவள் அவள்தான். விடிந்ததும் அந்தக் கதவை யாராவது தட்டுவார்கள். படம் அதைக் காட்டுவதில்லை.