சுவரில் என்ன எழுதலாம்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "செப்டம்பர் 10, தற்கொலைத் தடுப்பு நாளுக்கு எங்கள் கிளப் பசங்க தெருச் சுவரில் நம்பிக்கை வாசகம் எழுதப்போகிறோம். 'தற்கொலை' என்று நேராக எழுதினால், இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட மாட்டோமா?"

மண்டையைக் குடைந்துகொண்டே இருந்த கேள்வி இது. கிளப்பிவிடாது, தம்பி. வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லிப் புளித்தே போயிருக்கும்: கேட்பதால் அந்த எண்ணம் வராது, உள்ளே கிடப்பதுதான் வெளியே வரும். எப்படி, எங்கே என்ற விவரம்தான் ஆபத்து. அதை எழுதாதீர்கள், படமும் வேண்டாம்.

ராயபுரத்தில் ஒரு டீக்கடைப் பக்கம் ஃபிளெக்ஸ் பார்த்தேன்: 'தற்கொலை கோழைகளின் முடிவு'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கத்தில் கூனிப்போயிருப்பவன் அதைப் படித்த பிறகு யாரிடமாவது வாயைத் திறப்பானா? 2017 மனநலச் சட்டமே, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நாம்தான் காசு செலவழித்துத் திட்டுகிறோம்.

வியாசர்பாடியில் ஒரு கேரம் கிளப். பிளஸ் டூவில் ஃபெயிலான பையன், யாரையும் தொடவிடாத தன் ஸ்ட்ரைக்கரை ஒரு பொடியனிடம் "நீயே வச்சுக்கோ" என்று கொடுத்திருக்கிறான். கிளப் அண்ணனுக்குப் பொறி தட்டியது. வெளியே கூட்டிப்போய், "டேய், செத்துடலாம்னு தோணுதா?" என்றார். நேராகவே கேட்டார், பாருங்கள். பையன் உடைந்து அழுதான். அண்ணன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி தனியாக விடவில்லை. காலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போனார். துணைத் தேர்வு இருக்கிறது, வருஷம் வீணாகாது என்பதெல்லாம் அப்புறம்தான் பேச்சில் வந்தது.

அதனால் வாசகத்தை விடுங்கள். அதைப் படித்துவிட்டு ஒருவன் உங்கள் கிளப் வாசலில் வந்து நின்றால், உட்கார்ந்து கேட்கப்போவது யார்? தம்பி இதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். முதலில் அந்த ஆளை முடிவு பண்ணுங்கள்.

சரி, வாசகம். 'தைரியமாக இரு' வேண்டாம். 'மனசு தாங்கலையா? 14416க்குக் கூப்பிடு. டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், இலவசம், தமிழில் பேசலாம்.' கீழே சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண், 044-24640050. எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை இரண்டு எண்ணுக்கும் கூப்பிட்டுப் பாருங்கள். பெயிண்ட் மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஐப்பசி மழையைத் தாண்டி, மே மாதம் ரிசல்ட் வரும்போதும் அந்த எண் தெரிய வேண்டும்.